கோடு எழுத எந்த லேப்டாப்? அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, அம்பையில கடைசி வருசம் படிக்கேன். ஆண்ட்ராய்டு ஆப் பண்ணணும். ஒரே விலையில ஐ7 பிராசசர், 8 ஜிபி ரேம் உள்ளது ஒண்ணு, ஐ5 பிராசசர், 16 ஜிபி ரேம் உள்ளது ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். எதை எடுக்க?

பதில்: ஐ5 எடுங்க தம்பி. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோட, லேப்டாப்லயே போன் மாதிரி ஆப்பை ஓட்டிக் காட்டுற எமுலேட்டரும் ஓடணும்னா கூகுளே 16 ஜிபி கேக்கான். நீங்க குரோம்ல இருபது டேப் வேற திறந்து வச்சிருப்பிய. ரேம் முட்டிட்டுன்னா ஐ7 சும்மா வேடிக்கைதான் பாக்கும்.

கடையில இன்னொண்ணும் செய்யுங்க. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரின்னு போங்க. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’ன்னு இருந்தா பின்னால ஒரு ரேம் சேத்துக்கிடலாம். ஃபார்ம் ஃபாக்டர்ல ‘ரோ ஆஃப் சிப்ஸ்’னு காட்டுனா ரேம் போர்டோட பத்த வச்சது, அதைக் கழத்த முடியாது. "பொறவு ஏத்திக்கிடலாம் சார்"னு விக்கிறவர் சொன்னா இதைக் காட்டிக் கேளுங்க.

கேள்வி: மக பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்திருக்கா. கிராபிக்ஸ் கார்டு இருந்தாதான் கோடிங் ஓடும்னு வள்ளியூர்ல ஒரு கடையில சொல்லுதாங்க. நெசமா?

பதில்: இல்ல சார். ஜாவா, பைத்தானுக்கு அது எதுக்கு? மெஷின் லேர்னிங் பாடம் வந்தாலும் நெட் வழியா கோடு ஓட்டுற கூகுள் கோலாப்ல ஓரளவுக்கு ஜிபியு, அதான் கிராபிக்ஸ் சிப், இலவசமாவே கிடைக்கும். கேமிங் லேப்டாப்னா ரெண்டு கிலோவுக்கு மேல, சார்ஜர் செங்கல் மாதிரி தனியா. பிள்ளை பஸ்ல தூக்கிட்டுப் போய்வரணும்லா?

கேள்வி: பாளையங்கோட்டை. எங்கிட்ட இருக்கது 6-ம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 ஏறாதாமே, தூக்கிப் போட்டுரவா?

பதில்: அவசரப்படாதீங்கக்கா. இன்டெல்ல 8-ம் தலைமுறையில இருந்துதான் 11 முறையா ஏறும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுட்டு. வெப் வேலைன்னா ஹார்டு டிஸ்கைக் கழத்தி அதை விட வேகமான எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்க உபுண்டு ஏத்துங்க. விண்டோஸ்ல மட்டும் ஓடுற விஷுவல் ஸ்டுடியோ வேணும்னா மட்டும் புதுசு பாருங்க.

கேள்வி: ஐபோன் ஆப் பண்ண மேக் கட்டாயமா?

பதில்: கட்டாயம். ஐபோன் ஆப் பண்ணுற எக்ஸ்கோடுங்கிற மென்பொருள் மேக்ல மட்டுந்தான் ஓடும். பழைய எம்1 மேக்புக் ஏர் வாங்கினாலும் ரேம் 16 ஜிபியாப் பாருங்க. அதுல பின்னால ஏத்த வழியே கிடையாது.

கேள்வி: ராதாபுரம் பக்கம் கிராமம். வீட்டுல இருந்து கம்பெனி வேலை. கரண்ட் போனா மீட்டிங் அறுந்துருது. பெரிய பேட்டரி உள்ள லேப்டாப் சொல்லுங்க.

பதில்: சுத்திக் கரண்ட் எடுக்க காத்தாடியா நிக்கு, உங்க ஊர்லயே கரண்ட் போகுதாக்கும்! லேப்டாப் தாங்கும் வே, படுக்கது ரவுட்டர். அதுக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி மாட்டும். ரவுட்டர் அடியில எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும், அதுக்குப் பொருந்துறதா இருக்கணும். ஃபைபர் பெட்டி தனியா இருந்தா அதுக்கும் சேத்துப் பாத்துக்கிடும்.