விவசாயம் பார்த்திருக்கலாம் என்று எழுதிய வானியலாளர்

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வானியலில் பிஎச்.டி. சேரப் போகிறாள். "ராணுவம், ஆயுதம் என்று எதிலும் சிக்காத, யாருக்கும் தீங்கில்லாத துறை அது ஒன்றுதான்" என்கிறாள். சேரும்போதே இதையெல்லாம் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டுமா? படிப்பை முடித்து ஒரு வேலையில் உட்கார்ந்த பிறகு யோசித்தால் போதாதா?
(ஒரு தகப்பனார், திருநெல்வேலி)

பதில்: உங்கள் கேள்வியை விட உங்கள் பெண் சொன்ன "தீங்கில்லாத" என்பதில்தான் எனக்கு அக்கறை. இதே காரணத்துக்காக இதே துறைக்குள் போன ஒருவரை எனக்குத் தெரியும். நேரில் இல்லை, அவர் எழுதியதன் வழியாக. மார்ட்டின் ரைல் என்று பெயர், இங்கிலாந்துக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆராய்ச்சியில் இருந்தவர், எதிரியின் ரேடாரைக் குழப்பி ஏமாற்றுவது அவருடைய வேலை. போர் முடிந்ததும், இனி என் படிப்பைப் போருக்குத் தர மாட்டேன் என்று முடிவெடுத்தார். போருக்கு வெகு தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வானம்தான் இருந்தது. கேம்பிரிட்ஜுக்கு வந்து, வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்து ஆராயும் ரேடியோ வானியலில் இறங்கினார். சிறு சிறு ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின் சிக்னல்களைச் சேர்த்து, ஒரு பெரிய தொலைநோக்கியின் வேலையை வாங்கும் முறையை வளர்த்தெடுத்தவர் அவர். அதற்கு 1974இல் நோபல் பரிசும் கிடைத்தது.

1983இல், சாவதற்கு முந்தைய வருடம், வத்திக்கானின் அறிவியல் அகாடமிக்குத் தலைவராக இருந்த கார்லோஸ் சாகாஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: வானியல் போருக்கு வெகு தூரம் என்று நம்பி வந்தேன், ஆனால் நாங்கள் கண்டுபிடித்த முறைகளையெல்லாம் ரேடாரையும், கடலுக்கடியில் ஒலியை வைத்துத் தேடும் சோனாரையும் மேம்படுத்த எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் பயிற்சி கொடுத்த பிஎச்.டி. மாணவர்களில் வருத்தப்படும் அளவுக்குப் பெரிய பங்கினர் கற்ற திறமையோடு ராணுவ வேலைக்குப் போய்விட்டார்கள். 1946இல் நான் ஒரு விவசாயியாகப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நோபல் வாங்கிய ஒருவர் வாழ்நாள் முடியும் நேரத்தில் இப்படி எழுதுகிறார் என்றால் அதை விரக்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தொழில்நுட்பம் கைமாறியதோடு அவர் நிறுத்தவில்லை பாருங்கள், மாணவர்களைச் சொல்கிறார். இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு பலவீனமான சிக்னலைப் பிரித்தெடுப்பது, பல ஆன்டெனாக்களின் பதிவுகளை நேரம் பிசகாமல் ஒன்றாகச் சேர்ப்பது, மனிதர்கள் கிளப்பும் குறுக்கீட்டை அடையாளம் கண்டு தள்ளுவது, இதைத்தான் ஒரு ரேடியோ வானியல் மாணவர் நாலைந்து வருடம் கற்கிறார். கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுகிறவருக்கும் ஏவுகணையைக் கண்காணிக்கிறவருக்கும் வேண்டியது இதே கைப்பழக்கம்தான். கருவியை ராணுவம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், அதை ஓட்டத் தெரிந்த ஆளை உருவாக்குவது பல்கலைக்கழகம்.

1967ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வருடத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த வராது. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் லார்ட்ஸ் பிரிட்ஜ் என்று ஓர் இடம், போர்க்காலத்தில் தளவாடக் கிடங்காக இருந்தது. அங்கேதான் வட அயர்லாந்திலிருந்து வந்த ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, இன்னும் சில மாணவர்களோடு சேர்ந்து, நாலரை ஏக்கர் பரப்பில் கம்பங்களை நட்டுக் கம்பி இழுத்து ஒரு ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கினார். சம்மட்டி பிடித்து அடிப்பதும் பிஎச்.டி.யில் சேர்த்திதான். ஓட ஆரம்பித்ததும் அந்தக் கருவி தினமும் சுமார் 30 மீட்டர் நீளத்துக்குத் தாளில் கோடு கிறுக்கித் தள்ளியது. அந்த 30 மீட்டரையும் கண்ணால் பார்த்து அலசியது பெல். அதில் கால் அங்குல அளவுக்கு ஒரு சின்னக் கிறுக்கல் தென்பட்டது. நட்சத்திரம் மாதிரியும் இல்லை, பக்கத்து ரோட்டில் போகும் வண்டியின் குறுக்கீடு மாதிரியும் இல்லை. அதை அவர் விடவில்லை. நவம்பர் 28ஆம் தேதி தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு என்று வரிசையாக விழுந்தது. அதுதான் முதல் பல்சர், அதாவது வேகமாகச் சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திர எச்சம். மனிதர்கள் உண்டாக்கிய குறுக்கீடு இல்லை என்று நம்புவதற்கு முக்கியமான காரணம், அது நட்சத்திரங்கள் உதிக்கும் கணக்கிலேயே, தினமும் ஏறக்குறைய நாலு நிமிடம் முன்னதாக வந்துகொண்டிருந்தது.

அதே வருடம் அலாஸ்காவில், சோவியத் ஏவுகணை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த கிளியர் என்ற ரேடார் தளத்தில், சார்லஸ் ஷிஸ்லர் என்ற அமெரிக்க விமானப்படை சார்ஜென்ட் திரையில் ஒரு மங்கலான சிக்னலைப் பார்க்கிறார். அதுவும் தினமும் நாலு நிமிடம் முன்னதாக வருகிறது. சரி, இது ஏவுகணை இல்லை, நட்சத்திரக் கணக்கு என்று புரிந்துகொண்டு ஃபேர்பேங்ஸில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய் விசாரிக்கிறார். வானில் அந்தத் திசையில் இருந்தது, வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலா. அதற்குள் ஒரு பல்சர் இருப்பது உலகத்துக்குத் தெரியாத காலம் அது. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டார். ஆனால் வெளியே சொல்ல வழியில்லை. அந்த ரேடார் ஓய்வு பெற்று 2007இல்தான் அவர் வாய் திறக்க முடிந்தது. 40 வருடம்! அதே 1967 ஜூலையில், அணுகுண்டு சோதனைத் தடை ஒப்பந்தத்தை யாராவது மீறுகிறார்களா என்று பார்க்க அமெரிக்கா விட்டிருந்த வேலா செயற்கைக்கோள்கள் விண்வெளியிலிருந்து வந்த காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. அது 1973இல்தான் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது.

மூன்று பேரும் ஒரே வானத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் பெல் பார்த்தது 1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி ஆனது, சார்ஜென்ட் பார்த்தது ஒரு நோட்டுக்குள் கிடந்தது. உங்கள் பெண் "தீங்கில்லாத துறை" என்று தேட வேண்டியதில்லை. கண்டுபிடித்ததைக் கண்டுபிடித்த அன்றே வெளியே சொல்ல முடிகிற இடமா என்று தேட வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

இந்த இடத்தில் நோபலைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது, பழைய வாசகர்களுக்கு இது தெரிந்ததுதான். பல்சருக்கான நோபல் 1974இல் பெல்லின் கைடு ஆன்டனி ஹியூயிஷுக்குப் போனது, ரைலோடு பங்கு போட்டுக்கொண்டார். கிறுக்கலைக் கண்டுபிடித்த மாணவிக்கு ஒன்றுமில்லை. மாணவிக்குக் கொடுத்தால் பரிசின் மதிப்பு போய்விடும் என்கிற பாணியில் இன்றைக்கும் சிலர் எனக்கு எழுதுகிறார்கள், பெல்லே பெருந்தன்மையாகப் பேசியதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அவர் பெருந்தன்மையாக இருந்தார் என்பதற்காக நடந்தது நியாயமாகிவிடாது. 2018இல் பிரேக்த்ரூ என்ற அறிவியல் பரிசாக 30 லட்சம் டாலர் வந்தபோது, இயற்பியலில் வாய்ப்புக் கிடைக்காத பிரிவுகளிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகைக்கு முழுவதையும் கொடுத்துவிட்டார். பெல் ஒரு க்வேக்கர். போரில் பங்கெடுப்பதில்லை என்பதை மத நம்பிக்கையாகவே வைத்திருக்கும் கூட்டம் அது.

க்வேக்கர் என்றதும் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் வந்துவிடுவார். அவர் பெயரை எடுத்தாலே நம் ஊர் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டனில், நம் ஊர் வானியலாளர், 24 வயது சந்திரசேகர், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிச் செய்த ஆய்வைச் சபை நடுவே கேலி செய்தவர் அவர். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதே எடிங்டன் முதல் உலகப் போரில் என்ன செய்தார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1918இல் ஆள் சேர்ப்பு நெருக்கியபோது, இவர் அறிவியலுக்கு முக்கியமானவர், விலக்கு கொடுங்கள் என்று பெரிய மனிதர்கள் பரிந்து பேசி ஏற்பாடு செய்தார்கள். கையெழுத்துப் போட்டால் போதும். இவரோ, இந்தக் காரணத்துக்காக விலக்கு தராவிட்டாலும் மனசாட்சிப்படி நான் போருக்குப் போக மாட்டேன் என்று அடியில் ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டார். ஏற்பாடு கெட்டது, சிபாரிசு செய்தவர்களுக்கு எரிச்சல். அவருடைய க்வேக்கர் நண்பர்கள் முகாமில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு போய் உட்கார எனக்கு என்ன வருத்தம் என்பதுதான் அவர் நிலை. கடைசியில் அரசு வானியலாளர் டைசன் தலையிட்டு, 1919 சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு விலக்கு வாங்கிக் கொடுத்தார். இந்தக் கதையை அக்கறையோடு எடுத்துச் சொன்னவர் வேறு யாருமில்லை, சந்திரசேகர்தான்! அவமானப்பட்டவரே அவமானப்படுத்தியவரின் நேர்மையைப் பதிவு செய்திருக்கிறார். எடிங்டனைத் திட்டி எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை படித்துவிட்டு எழுதினால் நல்லது.

சந்திரசேகரும் 1943 முதல் அமெரிக்காவின் அபர்டீன் ஆயுதச் சோதனைக் களத்தில், குண்டுகளின் பாய்ச்சல், அதிர்ச்சி அலைகள் பற்றிய கணக்குகளைப் போட்டுக் கொடுத்தார். ஹிட்லருக்கு எதிரான போர், அவருக்கு அது சரி என்று பட்டது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நட்சத்திரத்தின் உள்ளே அழுத்தம் எப்படிப் பரவும் என்று படித்த படிப்பு குண்டு வெடிப்புக்கும் பொருந்தும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், எதிர்ப்பிலும் தப்பு நடக்கும். 1970 ஆகஸ்ட் 24 விடியற்காலை, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ராணுவப் பணத்தில் நடந்த கணித ஆய்வு மையத்தைத் தகர்க்க என்று வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் சிலர் வேனில் வெடிமருந்து வைத்தார்கள். செத்தவர் ராபர்ட் ஃபாஸ்நாட், 33 வயது, அதே கட்டடத்தில் இருந்த இயற்பியல் ஆய்வாளர். அந்தக் கணித மையத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. போரை நிறுத்துகிறேன் என்று ஒரு இயற்பியல்காரரைக் கொன்றதை யார் என்ன காரணம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். அதற்கு முந்தைய வருடம் மார்ச் 4ஆம் தேதி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்தது வேறு மாதிரி. பட்டமேற்படிப்பு மாணவர்கள் தொடங்கி வைக்க, பேராசிரியர்களும் சேர்ந்து ஒருநாள் ஆராய்ச்சியை நிறுத்தி, நம் ஆய்வகங்கள் யாருக்கு வேலை செய்கின்றன என்று வெளிப்படையாகப் பேசினார்கள். ஏவுகணை வழிகாட்டும் கருவிகள் செய்துவந்த ஆய்வகத்தை 1973இல் அந்த நிறுவனம் தன்னிடமிருந்து பிரித்து விட்டது. பிரித்ததால் அந்த வேலை நின்றுவிடவில்லை, தனி நிறுவனமாகத் தொடர்ந்தது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டவர்கள் மாணவர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலையில் உட்கார்ந்த பிறகு யோசிக்க முடியாது. வீட்டுக்கடன், குழந்தைகளின் பள்ளிக்கட்டணம், ரகசியம் காப்பேன் என்று போட்ட கையெழுத்து எல்லாம் வந்துவிடும், ரைலுக்கே 37 வருடம் ஆனது. சேரும்போதுதான் கேட்க முடியும், அப்போது கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. கைடிடம் உங்கள் பெண் நேராகவே கேட்கட்டும்: இந்தத் திட்டத்துக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள், நான் கண்டுபிடிப்பதை அனுமதி கேட்காமல் வெளியிடலாமா, உங்களிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேட்கச் சொல்லுங்கள், ரைல் கணக்குப் பார்த்தது அதைத்தான். பதில் பிடிக்காவிட்டால் வேறு கைடு தேடலாம். பிடித்திருந்தால் நிம்மதியாகச் சேரலாம். ராணுவ வேலைக்கே போகிறேன் என்று அவர் யோசித்து முடிவெடுத்தால் அது அவர் முடிவு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்றாலும் தெரிந்து போகிறவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

சேருவதற்கு முன்னால் ஒரு தடவை ஊட்டிக்கு அழைத்துப் போங்கள். முத்தோரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய இளம் குழுவும் கட்டிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இலிருந்து இயங்குகிறது. மலைச்சரிவின் கோணம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி இருப்பதால் அந்தச் சரிவிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். சூரியனிலிருந்து வீசும் துகள்களால் (சூரியக் காற்று) வானிலுள்ள ரேடியோ மூலங்கள் மினுக்குவதை அங்கே அளக்கிறார்கள். பெல் தன் நாலரை ஏக்கரில் அளக்க ஆரம்பித்ததும் இதே மினுக்கலைத்தான். அங்கே இருக்கும் ஆராய்ச்சி மாணவர்களிடம் உங்கள் பெண் இந்த மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். கைடுகளை விட அவர்கள் நேராகப் பதில் சொல்வார்கள்.