பூச்சிமருந்தும் அம்மாவின் மாத்திரையும்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. அல்சைமர் என்று சொல்லி ஐந்து மாதங்களாக டோனெபெசில் கொடுக்கிறோம். சிறுநீரை அடக்க முடியாததால் ஆக்சிபியூட்டினினும் சாப்பிடுகிறார். வேளாண்மை படிக்கும் என் மகன், “மல்லிகைக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் டோனெபெசிலும் செய்வது ஒரே வேலை” என்கிறான். முன்னேற்றமும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பையன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறான். ஆனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நினைவைப் பதிக்க மூளை அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மஸ்கரினிக், நிகோட்டினிக் என இரு வகை. (புகையிலையின் நிகோட்டின் ஒட்டுவது இரண்டாவதில். அதற்காக அம்மாவின் வெற்றிலையில் புகையிலை வைத்துவிடாதீர்கள்!) அல்சைமரில் அதைச் சுரக்கும் மூளைச் செல்களே அழிகின்றன. சுரந்ததைச் சிதைக்கும் நொதியை மாத்திரை தடுப்பதால், மிச்சம் இருப்பது ஏற்பியில் கூடுதல் நேரம் நிற்கிறது. போன செல் திரும்பாது. ஐந்து மாதத்துக்கு முன்பு இருந்த அளவிலேயே அம்மா இருந்தால், அதையே லாபமாகக் கொள்ளுங்கள்.

சில பூச்சிமருந்துகளும் அதே நொதியைத்தான் பிடிக்கின்றன. ஆர்கனோபாஸ்பரஸ் வகை பிடித்தால் லேசில் விடாது. மாத்திரை பிடித்துப் பிடித்து விடும்.

நான் இளம் மருத்துவனாக மதுரையில் இரவுப்பணி பார்த்தபோது, பூச்சிமருந்து அடித்த ஒருவரை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தூக்கி வந்தார்கள். வாயெல்லாம் நுரை, கண்மணி கடுகளவு. மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கும் அட்ரோபினை ஊசி ஊசியாகப் போட்டோம். பிழைத்தார். ஆனால் மறுநாள் இரவெல்லாம், சுவரில் இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவியையே யார் என்று கேட்டார். அட்ரோபினின் வேகம் தணிந்ததும் தெளிந்துவிட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆக்சிபியூட்டினினும் அந்த ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. டோனெபெசில் கூட்டும் அசிட்டைல்கோலினின் வேலையை அது கெடுக்கிறது, குழப்பத்தையும் ஏற்றலாம். எனக்குக் கவலை இதில்தான். சிறுநீர்த் தொல்லை டோனெபெசிலுக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா? டோனெபெசிலே சிலருக்கு அந்தத் தொல்லையைத் தரும். அதைத் தனி நோய் என்று நினைத்து இன்னொரு மாத்திரை எழுதுவது எங்கள் தொழிலில் நடக்கிற பிழை.

சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமினும் அந்த ஏற்பிகளை அடைக்கும் இனம்தான். வீட்டிலுள்ள மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். டோனெபெசில் சிலருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும். அம்மா மயங்கி விழுந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.