நான்கு நாளில் விட்டுவந்த வேலை

கேள்வி: எனக்கு 24 வயது. ஈசிஇ முடித்து, ஒன்றரை வருடத்துக்கு முன் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏ பாஸ் செய்தேன். போகிற இன்டர்வியூவில் எல்லாம் அனுபவம் கேட்கிறார்கள். நடுவில் ஒரு மருத்துவமனையில் நெட்வொர்க் வேலை கிடைத்தது. கேபிள் இழுக்கச் சொன்னதால் நான்கு நாளில் வந்துவிட்டேன். அடுத்து அதற்கு மேல்நிலையான சிசிஎன்பி எழுதலாமா? அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துப் பணம் தருகிறேன் என்கிறார்.
- வாசகர், மதுரை

பதில்: தம்பி, நீ ஒரே வரியில் தாண்டிப்போன அந்த நான்கு நாளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அனுபவம் கேட்கிறார்கள் என்று அழுகிறாய். அது கைக்கு வந்தபோது உதறிவிட்டு வந்தது யார்?

கேபிள் இழுப்பதில் என்ன கேவலம்? ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று எட்டுக் கம்பியையும் வரிசையாகப் பிடித்து நெட்வொர்க் கேபிளின் நுனியில் வரும் ஒரு ஆர்ஜே45 முனையைக் கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பொருத்தியிருக்கிறாயா? நீலத்திலோ பிரவுனிலோ ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் பல நேரம் லைட் எரியும், நெட் வரும்; ஆனால் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் ஓட வேண்டிய லைன் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். நீ கம்ப்யூட்டரில் பயிற்சி செய்யும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இதை உனக்குக் காட்டாது. ஸ்கேன் படம் திறக்க மாட்டேன் என்கிறது என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடும் நர்ஸ்தான் காட்டுவார்.

அப்புறம் அந்தச் சங்கிலி. சிசிஎன்பிக்கு இரண்டு தேர்வு. கோர் எனும் முதன்மைத் தேர்வுக்கு 400 டாலர், இன்னொன்றுக்கு 300, வரி தனி. இத்தனையும் கட்டி எழுதிவிட்டுப் போனாலும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். சம்பாதிக்கிற வயதில் பிள்ளை அம்மா கழுத்தில் போட வேண்டும், கழற்றக் கூடாது. அவரே தருகிறார் என்கிறாய். எந்த அம்மாதான் தர மாட்டாள்? வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நீ.

சிசிஎன்ஏ மூன்று வருடம்தான் செல்லும். உனக்குப் பாதி போய்விட்டது. ஃபீல்டு இன்ஜினியர், டெஸ்க்டாப் சப்போர்ட், என்ஓசி எனும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் நைட் ஷிப்ட், எது கிடைத்தாலும் ஏறிக்கொள். ஒவ்வொரு பழுதையும் நோட்டில் எழுது: என்ன கோளாறு, முதலில் எதைப் பார்த்தாய், எதனால் சரியானது. இன்டர்வியூவில் அதைப் பேசு. காலாவதியாகும் முன் கோர் தேர்வை உன் சம்பளத்தில் எழுது; பாஸானால் சிசிஎன்ஏவும் புதுப்பித்த கணக்குதான்.

சரி, இப்போது அந்த மருத்துவமனைக்குப் போன் செய். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தால் மன்னிப்புக் கேள். இடம் இன்னும் காலி என்றால் திங்கட்கிழமை காலையில் போய் நில்.