வீட்டை அடமானம் வைத்து லண்டனில் எல்எல்.எம். படிக்கலாமா?

கேள்வி: மதுரையில் சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, மூன்று ஆண்டுகளாக ஒரு சீனியரிடம் கடன் வசூல் தீர்ப்பாய வழக்குகளைப் பார்த்து வருகிறேன். பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தில் வங்கி, நிதிப் பிரிவில் சேர விரும்புகிறேன். லண்டனில் ஓராண்டு எல்எல்.எம். (சட்ட முதுகலைப் படிப்பு) முடித்தால் வேலை உறுதி என்கிறது சென்னை ஏஜென்சி ஒன்று. 40 லட்சம் ரூபாய்க்கு வீட்டை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: கூடாது. எல்எல்.எம். கெட்ட படிப்பு அல்ல; ஆனால் அது படிப்பு மட்டுமே, தொழில் உரிமம் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் (ஆலோசனை, ஒப்பந்த வேலை பார்க்கும் வழக்கறிஞர்) ஆவதற்கு 2021 செப்டம்பர் முதல் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வுக்கு எல்எல்.எம். தேவையே இல்லை. புதிதாக வருபவர்களிடம் கேட்கப்படும் இரண்டு ஆண்டுப் பணிப் பயிற்சியும், ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருக்கும் உங்களிடம் கேட்கப்படுவதில்லை. முதல் கட்டம் 360 கொள்குறி வினாக்கள். அதை இந்தியாவிலேயே கணினி மையத்தில் எழுதலாம். இரண்டாம் கட்டத்தில் 16 செய்முறைப் பணிகள். அவற்றில் நான்கு வாய்மொழித் தேர்வுகளுக்கு மட்டும் நேரில் அங்கே போயாக வேண்டும். இரண்டு கட்டத்துக்கும் தேர்வுக் கட்டணம் ஏறக்குறைய 5,000 பவுண்டு. இந்த வழியை ஏஜென்சி உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் கமிஷன் தரும். நீங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளும் தேர்வுக்கு யாரும் கமிஷன் தருவதில்லை. (நியூயார்க் பார் தேர்வுக்கு எல்எல்.எம். உதவும் என்பது வேறு கதை. நீங்கள் கேட்டது லண்டன்.)

இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ள வெளிநாட்டு வழக்கறிஞர், இரண்டாம் கட்டத் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பணமும் பயணமும் மிச்சமாகும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்கு மூன்று ஆண்டு ஆகிவிட்டது என்பது சரி, அதற்கு ஆவணம் எங்கே? நம் ஊரில் ஜூனியருக்கு நியமனக் கடிதம் கொடுக்கும் வழக்கமே கிடையாது. மாதக் கடைசியில் கவர் வந்தால் அது ஊதியம், வராவிட்டால் அது பயிற்சி. ஆகவே உங்கள் பெயர் உள்ள வக்காலத்து நகல்கள், உங்கள் ஆஜர் பதிவான தீர்ப்பாய உத்தரவுகள், நீங்களே வரைந்த மனுக்கள், எந்தத் தேதி முதல் என்ன வேலை செய்தீர்கள் என்று சீனியர் தம் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட சான்று ஆகியவற்றை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். விலக்கு கிடைத்தே தீரும் என்று நினைத்து இரண்டாம் கட்டத்துக்கான படிப்பை நிறுத்தியும் விடாதீர்கள்.

எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். இங்கிலாந்தில் அதைச் சரிபார்ப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாமல் போகலாம். என் சான்றிதழ் ஒன்றில் விடுபட்ட ஒரே ஓர் எழுத்தைச் சேர்க்க ஓர் அலுவலகம் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. நான்கு முறை நேரில் போனேன், நான்கு முறையும் கோப்பு வேறொரு மேசையில் இருந்தது.

இன்னொரு வலை, ‘பன்னாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளையில் வேலை’ என்ற பேச்சு. வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி தொடர்ந்த வழக்கில் 2012-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2018-இல் உச்ச நீதிமன்றமும், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே அலுவலகம் வைத்து வழக்கறிஞர் தொழில் நடத்த முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. 2023-இல் இந்திய பார் கவுன்சில் விதிகளை வகுத்து, பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் வெளிநாட்டுச் சட்டம் பற்றி நீதிமன்றத்துக்கு வெளியே ஆலோசனை தரலாம் என்றது. 2025-இல் அதையும் திருத்தியது. திறப்பதா மூடுவதா என்று அவர்களே இத்தனை ஆண்டு இழுத்தடித்த கதவைக் காட்டி ஒருவர் உங்களிடம் இப்போதே முன்பணம் கேட்டால், அவரை நம்பக் கூடாது.

தேர்வில் தேறுவதும் வேலை கிடைப்பதும் ஒன்றல்ல. மும்பை, டெல்லி, பெங்களூரு நிறுவனம் ஒன்றின் வங்கி, நிதிப் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு, அங்கிருந்து சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ மாறுவதுதான் உங்கள் நிலையில் இருப்பவருக்கு நடைமுறையான வழி. வங்கி, நிதிப் பிரிவில் வேலை நீதிமன்றத்தில் அல்ல, கடன் ஒப்பந்தத்தில். பணம் கைமாறுவதற்கு முன் வந்து சேர வேண்டிய ஆவணங்களுக்கு ஒரு முன்நிபந்தனைப் பட்டியல் இருக்கும்: இயக்குநர் குழுத் தீர்மானம், உரிமை ஆய்வறிக்கை, காப்பீடு, சட்டக் கருத்துரை என்று அது பக்கம் பக்கமாகப் போகும். அதில் ஒவ்வொரு வரியாக டிக் போட்டு, இன்னும் வராத ஒரு கையெழுத்துக்காக நள்ளிரவில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பவர்தான் இளம் நிதி வழக்கறிஞர்.

இதுவரை கடன் செத்த பிறகு நடக்கும் காரியங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே அது பிறக்கும் இடத்தில் நிற்பீர்கள். இதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம். தாய்ப்பத்திரம் இல்லாமல் வாங்கிய அடமானமும், ஜாமீன்தாரர் கையெழுத்து மாறிய பத்திரமும் சர்ஃபேசி சட்டத்தின் (வாராக் கடனுக்கு ஈடான சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸுக்குப் பிறகு எப்படி வங்கியைத் தவிக்கவிடுகின்றன என்பதை, ஒப்பந்தம் மட்டுமே எழுதிப் பழகியவர் பார்த்திருக்க மாட்டார். சுயவிவரத்தில் ‘நூற்றுக்கணக்கான வழக்குகளில் ஆஜரானேன்’ என்று எழுதாமல், கட்சிக்காரரின் பெயரைச் சொல்லாமல், எந்தப் பத்திரத்தில் எந்த ஓட்டையால் பிணையம் விழுந்தது என்று மூன்று வழக்குகளை எழுதுங்கள்.

ஏஜென்சிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதில் ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், ‘வேலை உறுதி’ என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல், எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வீட்டின் மூலப்பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.