மலைக்காற்றில் மை காயுமா? காமிக்ஸ் ரசிக ஓவியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்கில் வரைகிறேன். சித்திரையில் கத்தி போல விழுந்த கோடு, ஐப்பசியில் வேர்விட்டது போலப் பரவுகிறது. அதே நிப்பு, அதே மை, அதே தாள். கைப்பழக்கம் போய்விட்டதா? (கோத்தகிரி)

பதில்: கை மேல் பழி போடாதீர்கள். தாள் ஈரம் குடித்திருக்கிறது. மை நாருக்குள் இறங்காமல் மேலேயே நிற்பதற்காகத் தாளில் பசை சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனம். நாள்கணக்கில் பனிமூட்டம் வீட்டுக்குள் புகுந்தால் தாளின் நார் உப்பி, அந்தப் பசை பலம் இழக்கும். அப்புறம் மை நார் வழியே ஓடத்தான் செய்யும்.

வரைவதற்கு முன் தாளின் ஓரத்தில் நிப்பால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பரவினால், ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து, இரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் காட்டிவிட்டு மறுபடி கோடு போடுங்கள். இப்போது கூர்மையாக நின்றால் வெறும் ஈரம்தான். அப்போதும் பரவினால் பசையே கெட்டுவிட்டது. அந்தத் தாளைப் பென்சில் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், எவ்வளவு காயவைத்தாலும் தேறாது.

புதுத் தாளை வாங்கிய அன்றே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பாலித்தீன் உறையில் போட்டு, வாயை ஒட்டி, தரையோடும் சுவரோடும் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். நீலநிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாணலியில் சிறுதீயில் வறுத்தால் நீலம் திரும்பும். ஜன்னலைத் திறந்து வைத்து வறுங்கள். அந்த நீலத்துக்காகச் சேர்ப்பது கோபால்ட் உப்பு, விஷம். அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது.

இன்னொன்று: தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மை காய்ந்துவிட்டதாக நினைத்து ரப்பர் போடாதீர்கள். மூட்டமான நாளில் ஒரு ராத்திரி விடுங்கள். ரப்பர் போட்டபின் கறுப்பு கொஞ்சம் வெளுத்துச் சாம்பலாகும், அது இயல்பு. பெரிய கறுப்புப் பகுதிகளுக்கு மட்டும் இரண்டாம் பூச்சு கொடுங்கள்.

கேள்வி: அந்த இரும்புக்கை எனக்கு மட்டும் கம்பளிக் கையுறை மாதிரி வருகிறது. உலோகமாகத் தெரிய என்ன செய்வது? (கொடைக்கானல்)

பதில்: வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நடுச்சாயல் அதிகமாக இருப்பதுதான் காரணம். துணியில் வெளிச்சம் மெல்ல இருளாகும்; மெருகேறிய இரும்பில் வெள்ளைக்குப் பக்கத்திலேயே கருங்கறுப்பு நிற்கும். ஒரு விரலை எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் பக்க விளிம்பில் அரை மில்லிமீட்டர் வெள்ளையை விடுங்கள். அதை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. பட்டையின் உட்புறத்திலிருந்து விரலின் நடுவிலுள்ள வெள்ளையை நோக்கி 2ஆம் எண் உருண்டை பிரஷ்ஷால் சிறு கீற்றுகள்: கறுப்பில் அழுத்தித் தொடங்கி, வெள்ளையில் தூக்கி முடிக்க வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் போதும், எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் சீப்பு போலாகிவிடும். மிச்சமெல்லாம் வெறும் தாள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் கீற்று போட்டு இரண்டையும் சேர்த்தீர்கள் என்றால் மறுபடி கம்பளிதான்.

மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து கை மட்டும் மிஞ்சும் கட்டங்களில் பின்னணியைக் கறுப்பாக்க ஆசை வரும். கையின் கறுப்பும் பின்னணியும் ஒட்டிக்கொள்ளாமல், கையைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு விடுங்கள். அந்தக் கையை முதலில் வரைந்த ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கட்டங்களில் கறுப்பு எங்கே நிற்கிறது என்பதை மட்டும் தனியாகப் பிரதி எடுத்துப் பழகுவது நல்ல பயிற்சி.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் மை என்றுதான் வாங்கினேன். மார்க்கர் பட்டதும் கோடு கரைந்து, முகமெல்லாம் அழுக்காகிவிட்டது. (குன்னூர்)

பதில்: நீங்கள் பூசியது ஆல்கஹால் மார்க்கராக இருக்கும். மை தண்ணீருக்குத்தான் அசையாது. அதைப் பிடித்து வைத்திருப்பது அரக்காக இருந்தால் ஸ்பிரிட்டில் கரையும், மரச்சாமான் பாலிஷ் கரைவது போல. வண்ணத்தை முதலில் பூசி, மறுநாள் மேலே கோடு போடுங்கள். அல்லது வாட்டர்கலருக்கு மாறுங்கள். நன்றாகக் காய்ந்த கோடு அதில் நகராது.

கேள்வி: கோவையில் மை நிரப்பிய டெக்னிக்கல் பேனா ஊட்டி வந்து சேர்வதற்குள் மூடிக்குள் மையைக் கக்கியிருக்கிறது. பேனா பழுதா? (ஊட்டி)

பதில்: இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுவதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதி மை உள்ள பேனாதான் அதிகம் கக்கும். முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலிசெய்தோ, முனை மேலே பார்க்க எடுத்து வாருங்கள்.

கேள்வி: பழைய அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்களின் வண்ணம் கையால் வருமா? (கூடலூர்)

பதில்: வரும், வண்ணங்களைக் குறைத்தால். அந்தக் காலத்து அச்சில் மஞ்சள், மெஜந்தா (கருஞ்சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) ஒவ்வொன்றையும் 0, 25, 50, 100 சதவீதம் என்று நான்கு அளவில்தான் வைத்தார்கள். நாலு, நாலு, நாலு பெருக்கினால் மொத்தம் 64 நிறம். நீங்களும் இந்த மூன்று நிறத்தில் மூன்றே வாட்டர்கலர் குழாய் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று கிண்ணத்தில் கரையுங்கள்: கெட்டியாக ஒன்று, அதில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு ஒன்று, மூன்று பங்கு விட்டு ஒன்று. மஞ்சளில் தொடங்குங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின்தான் அடுத்தது, இல்லாவிட்டால் சேறாகும். ஓரிரு இடங்களில் வண்ணம் கோட்டை விட்டு ஒரு மில்லிமீட்டர் விலகட்டும். அச்சுத்தட்டு நகர்ந்ததால் வந்த அந்தப் பிசகுதான் பழமையைக் காட்டும்.

தாளைப் பழுப்பாக்கத் தேயிலை டிகாஷன் பூசுகிறவர்கள் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் தூள், வடிகட்டி, ஆறவைத்து, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளில் பட்டை பிரஷ்ஷால் ஒரே திசையில் பூச வேண்டும். கோடு போடுவது தாள் முழுக்கக் காய்ந்தபிறகு. ஆனால் தேயிலைச் சாறு அமிலத்தன்மை உள்ளது, வருடங்கள் போகப்போகத் தாளை நொறுங்கச் செய்யும். பரிசாகக் கொடுக்கும் படத்துக்கோ, பத்திரப்படுத்தும் படத்துக்கோ வேண்டாம். அவற்றை வெள்ளைத் தாளிலேயே முடித்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கணினியில் பழுப்பை அடியில் ஒரு லேயராக வைத்து, படத்தை, அடியிலுள்ள நிறம் தெரியும்படி கலக்கும் மல்டிப்ளை முறையில் மேலே வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் பனிமூட்டமான காலையில் ஜன்னலோரம் தாளைக் கிடத்தி, நேர் மேலிருந்து போனில் எடுங்கள். அந்த வெளிச்சத்தில் நிழலே விழாது.