மகனை ஃபுட்டி கிளப்பில் சேர்க்கலாமா?

தம்பி, மெல்போர்ன் வந்து நாலு மாதம் ஆகிறது, ஒன்பது வயது மகன் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆடணும் என்று நிற்கிறான், அடிபடுமே என்று பயமாக இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் சேருங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே கிளப் என்பது ஃபீஸ் கட்டிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கிளம்புகிற கோச்சிங் கிளாஸ் அல்ல. அதை நடத்துவதே பெற்றோர்கள்தான்.

பையன் அந்த நீள்வட்டப் பந்தைத் தொட்டதே இல்லை என்றால் முதல் வருடம் ஆஸ்கிக் என்ற தொடக்கநிலைப் பயிற்சித் திட்டம் போதும். நேராக டீமில் சேர்ப்பதானால் சீசன் ஏப்ரலில் தொடங்கிவிடும். பிப்ரவரிக்குள் பக்கத்து கிளப்பில் விசாரியுங்கள். மார்ச் கடைசியில் போனால் டீம் நிறைந்திருக்கும். பதிவு ப்ளேஹெச்க்யூ தளத்தில். வயதுப் பிரிவுக்குப் பிறந்த தேதிதான் கணக்கு, பள்ளி வகுப்பு அல்ல. அதனால் வகுப்புத் தோழன் வேறு டீமில் இருக்கலாம்.

அதற்குள் ஒரு சைஸ் 2 பந்து வாங்கி வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் பழக்குங்கள். கிரிக்கெட் ஆடிய நம் பிள்ளைகள் முதலில் தவறு செய்வது ஹேண்ட்பாலில், அதாவது பந்தைக் கையால் குத்தி அனுப்புவதில். பந்து கையில் வந்ததும் பழக்கதோஷத்தில் எறிந்துவிடுவார்கள்; நடுவர் விசிலடித்து எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிடுவார். இடது உள்ளங்கையில் பந்தை வைத்து, வலது கையை முஷ்டியாக மடக்கி, பந்தின் பின்முனையில் குத்த வேண்டும். கட்டைவிரல் முஷ்டிக்கு வெளியே இருக்கட்டும்; உள்ளே மடக்கினால் சுளுக்கும்.

உதைப்பதில் வேறு சிக்கல். பந்தை மேலே தூக்கிப் போட்டு உதைத்தால் அது காற்றில் புரண்டு, படுத்தவாக்கில் காலில் விழுந்து கோணலாகப் போகும். செங்குத்தாகப் பிடித்து, இடுப்புக்குக் கீழே கொண்டுவந்து, உதைக்கும் கால் பக்கத்துக் கையாலேயே நேராக விட வேண்டும். பாதத்தை நீட்டி, ஷூலேஸ் கட்டும் மேல்பகுதியால் பந்தின் கீழ்முனையை உதைத்தால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும். இதுதான் டிராப் பண்ட். தினம் பத்து நிமிடம், பத்து மீட்டர் தூரத்துக்கு உதைத்தால் போதும்; தூரம் தானாகக் கூடும்.

மவுத்கார்டு இல்லாமல் இறக்காதீர்கள். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பல்லுக்குப் பொருத்தும் வகையே ஆரம்பத்துக்குப் போதும். பூட்ஸில் ரப்பர் குமிழ்கள் இருக்கட்டும். கால் வளர்கிற வயது என்பதால் பல கிளப்களில் பழைய பூட்ஸ் கைமாறும், கேட்டுப் பாருங்கள்.

அடிபடும் பயம் நியாயமானது. சின்னப் பிரிவுகளில் டேக்கிள் (ஆளைப் பிடித்து மடக்குவது) கிடையாது, வயது ஏற ஏறத்தான் அனுமதிப்பார்கள். ஆனால் தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தடுமாற்றம் என்று சந்தேகம் வந்தால் அன்று ஆட்டம் முடிந்தது, டாக்டரிடம் காட்டுங்கள். கன்கஷன் (தலையடியால் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சி) என்று உறுதியானால் மறுபடி போட்டியில் இறங்கக் குறைந்தது 21 நாள். "ஒண்ணுமில்லப்பா" என்று பையனே சொன்னாலும் விடாதீர்கள்.

உங்களுக்கும் முறை வரும்: தண்ணீர் கொடுப்பது, நேரம் குறிப்பது, கேன்டீன், கோல் அம்பயர் (கோல் கம்பத்தருகே நின்று புள்ளி சொல்பவர்). பிள்ளைகளோடு தொடர்ந்து பணிசெய்ய விக்டோரியாவில் ஒர்க்கிங் வித் சில்ட்ரன் செக் என்ற பின்னணிச் சோதனை கேட்பார்கள். தன்னார்வலர்களுக்கு இலவசம், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கோல் அம்பயராக நின்றால் கணக்கு இதுதான்: உதைத்த பந்து யார் மேலும் படாமல், நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே போனால் 6 புள்ளி, இரண்டு கொடி அசைக்க வேண்டும். உயரக் கம்பத்தில் பட்டாலோ, வழியில் யார் கையாவது பட்டுப் போனாலோ 1 புள்ளி, ஒரு கொடி.