பெண்கள் சமத்துவத்துக்கு அரசு கொடுத்த உறுதிமொழிகளை எல்லாம் ஒரே துறையிடம் ஒப்படைத்துவிட்டால் வேலை வேகமாக நடக்காதா? பல துறைகளை ஏன் இழுக்க வேண்டும்?

நடக்காது என்பதுதான் என் பதில். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். காவல் நிலையம், அரசு மருத்துவமனை, கலெக்டர் ஆபீஸ், கோர்ட் என்று அந்தப் பெண்களோடு சேர்ந்து அலைவதுதான் என் அன்றாடம். துறைகள் ஒன்றோடொன்று பேசாதபோது என்ன ஆகிறது என்பதை அந்த அலைச்சலில்தான் பார்க்கிறேன்.

உறுதிமொழி என்று எதைச் சொல்கிறோம்? பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1980-ல் கையெழுத்திட்டு, 1993-ல் ஏற்பளித்தது. 1995-ல் பெண்களுக்கான பெய்ஜிங் உலக மாநாடு. 2001-ல் பெண்கள் மேம்பாட்டுக்கான தேசியக் கொள்கை. இவற்றைக் கவனிக்க 1985-ல் மனிதவள அமைச்சகத்துக்குள் ஒரு துறை தொடங்கினார்கள். அது 2006 ஜனவரியில் தனி அமைச்சகமானது. ஆக, நீங்கள் கேட்கிற அந்த 'ஒரே துறை' டெல்லியில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பலம் எவ்வளவு என்று பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 26,890 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு அங்கன்வாடிக்கும் ஊட்டச்சத்துக்கும் போய்விடுகிறது. அதே வருடம் பெண்களுக்கான ஒதுக்கீடு என்று எல்லா அமைச்சகங்களும் சேர்ந்து கணக்குக் காட்டிய தொகை 4.49 லட்சம் கோடி. வீடு ஊரக வளர்ச்சித் துறையிடம், பிரசவம் சுகாதாரத் துறையிடம், பள்ளிக்கூடம் கல்வித் துறையிடம், கூலி தொழிலாளர் துறையிடம். பெண்ணின் வாழ்க்கையைத் தொடும் பணமும் ஆட்களும் அதிகாரமும் மற்ற துறைகளில்தான் கிடக்கின்றன. மகளிர் துறை அவர்களுக்குக் கடிதம் எழுதலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம். ஒரு போலீஸ்காரரையோ டாக்டரையோ கேள்வி கேட்க அதற்கு அதிகாரம் கிடையாது.

எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 11-வது பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. சட்டம், உள்துறை, சுகாதாரம், மனிதவளம் ஆகியவற்றைக் கவனிக்கும் துறைகளின் சேவைகளை ஒருங்கிணைக்க வேண்டும், அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று அரசுக்கே அந்தப் பிரிவு கடமை விதிக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் எழுத முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

நடப்பது வேறு. ராத்திரி அடிபட்டு ஒரு பெண் அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். பக்கத்திலேயே மாமியார் நிற்கிறார். 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்' என்கிறாள். டியூட்டி டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதி, தையல் போட்டு, அனுப்பிவிடுகிறார். காதுக்குப் பின்னால் இருக்கும் காயம் விழுந்ததால் வந்ததில்லை என்று அங்கே இருக்கிற நர்ஸுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை எங்கே எழுதுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சில மாதம் கழித்து அவளே துணிந்து கோர்ட்டுக்குப் போகும்போது, எதிர்த் தரப்பு வக்கீல் அந்த விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் தூக்கிக் காட்டுகிறார்: விழுந்துவிட்டேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே, அம்மா?

இந்தச் சட்டத்துக்காக 2006-ல் வந்த விதிகளைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பெண் தன் விருப்பத்தோடு உண்மையைச் சொல்லி, அதுவரை யாரும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை எழுதவில்லை என்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அதற்கான முதலாம் படிவத்தை நிரப்பி, இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ நியமிக்கப்பட்ட அந்தப் பகுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகலை அவளுக்கு இலவசமாகத் தர வேண்டும். அந்த நிகழ்வு அறிக்கைப் படிவத்தைத்தான் நாங்கள் டி.ஐ.ஆர். என்போம். எங்கள் வட்டாரத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றில் இதைக் கேட்டபோது, அப்படி ஒரு படிவம் இருப்பதே கேஷுவாலிட்டியில் யாருக்கும் தெரியவில்லை. 'அது சோஷியல் வெல்ஃபேர் வேலை, மேடம்' என்றார்கள். மகளிர் காவல் நிலையத்தில் கேட்டால் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைப் போட்டுவிட்டு, 'ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிடலாம்' என்பார்கள். குடும்பத்தைப் பிரித்துவிட்டார்கள் என்ற பேர் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. பாதுகாப்பு அலுவலரோ ஆபீஸ் நேரத்தில் கலெக்டர் வளாகத்தில் இருப்பார். கிராமத்திலிருந்து அவரைப் பார்க்க வர ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் 2015-லிருந்து ஒருங்கிணைந்த சேவை மையங்களை மத்திய அரசு, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து தொடங்கியது. மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்க இடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். நல்ல யோசனை, அதில் சந்தேகமே இல்லை. நிறையப் பெண்களை அங்கே அனுப்பியிருக்கிறேன், அவர்களும் பயனடைந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மையத்தின் நிர்வாகி மகளிர் துறையின் திட்டத்தில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அவர் போன் செய்தால் இன்ஸ்பெக்டர் எடுக்க வேண்டுமே! கூரை ஒன்றானாலும் கட்டளை நான்கு இடத்திலிருந்துதான் வருகிறது.

ஆய்வுக் கூட்டங்கள் நடக்கத்தான் செய்கின்றன. நானும் போயிருக்கிறேன். காவல் துறையிலிருந்து ஒரு எஸ்.ஐ. வருவார், மருத்துவமனையிலிருந்து ஒரு கிளார்க் வருவார். இருவருமே நல்லவர்கள், கேட்டதை எல்லாம் குறித்துக்கொள்வார்கள். ஆனால் 'நாளையிலிருந்து எங்கள் கேஷுவாலிட்டியில் இந்தப் படிவம் இருக்கும்' என்று சொல்லும் அதிகாரம் அந்த மேஜையில் ஒருவரிடமும் இருக்காது.

மாறியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு தாலுகா மருத்துவமனையின் தலைமை மருத்துவர் டி.ஐ.ஆர். படிவத்தைக் கட்டாக அச்சடித்து, விபத்துப் பதிவேட்டோடு சேர்த்தே வைக்கச் சொன்னார். சந்தேகப்படும்படியான காயம் என்றால், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நர்ஸ் தனியாகப் பேச வேண்டும் என்று டியூட்டி உத்தரவில் சேர்த்தார். மாதக் கடைசியில் எத்தனை படிவம் போனது என்பதைத் தன் ரிப்போர்ட்டில் அவரே கேட்டார். அவ்வளவுதான். பாதுகாப்பு அலுவலருக்குத் தபால்கள் வர ஆரம்பித்தன. அதற்கு முன் அதே ஊரில் எத்தனையோ விழிப்புணர்வு முகாம் நடத்தியிருக்கிறோம். அவற்றால் ஆகாதது, அந்த வேலை மருத்துவமனையின் சொந்தப் பதிவேட்டுக்குள் வந்ததும் ஆனது.

தமிழ்நாட்டில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அது தொடங்கியது. நடத்துவது போக்குவரத்துத் துறை. கண்டக்டர் காசு வாங்காமல் ஒரு டிக்கெட் கிழித்துத் தருகிறார். போக்குவரத்துக் கழகங்களுக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. வேலையும் கணக்கும் பணமும் ஒரே துறையின் வழக்கமான நடைமுறைக்குள் இருப்பதால், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வன்முறை வழக்கு இதைவிடப் பல மடங்கு சிக்கல் என்பது தெரியும். அங்கே ஒவ்வொரு அதிகாரியும் ஒரு குடும்பத்தின் கோபத்துக்கும் ஆளாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் அங்கே எழுத்துபூர்வமான கடமை இன்னும் அவசியம் என்கிறேன்.

'அப்படியானால் எல்லாத் துறையும் பணம் ஒதுக்கினால் போதுமா?' என்று அடுத்து கேட்பீர்கள். மத்திய அரசு 2005-06-லிருந்து பட்ஜெட்டோடு பாலின பட்ஜெட் அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் முதல் பகுதியில், 30 சதவீதத்துக்குக் குறையாமல் பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இரண்டாம் பகுதியில். முயற்சி நல்லது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஊரக வீட்டுத் திட்டத்தின் முழு ஒதுக்கீட்டையும் 'நூறு சதவீதம் பெண்களுக்கு' என்று முதல் பகுதியில் காட்டுகிறார்கள். அந்த வீட்டில் குடும்பமே குடியிருக்கிறது, பத்திரத்தில் அவள் பெயர் எத்தனை இடத்தில் தனியாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. இப்படி எழுதும்போது தொகை பெரிதாகத் தெரிகிறது, அவள் கைக்கு என்ன வந்தது என்பது தெரியாமல் போகிறது.

பிலிப்பைன்ஸ் இதில் ஒரு படி மேலே போனது. 2009-ல் வந்த, 'மேக்னா கார்ட்டா' என்று பெயரிட்ட பெண்கள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசு அமைப்பும் தன் பட்ஜெட்டில் குறைந்தது 5 சதவீதத்துக்குப் பாலின சமத்துவத் திட்டம் போட வேண்டும். அதை மகளிர் ஆணையம் பரிசீலிக்கும், அரசுத் தணிக்கை ஆணையம் தணிக்கை செய்யும். எனக்கு இதில் பிடித்தது அந்தத் தணிக்கைதான். மகளிர் ஆணையத்தின் கடிதத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரி, ஆடிட்காரர் எழுதும் ஆட்சேபணைக்குப் பதில் எழுதாமல் இருக்க மாட்டார்.

இங்கே 2025 மே மாதத்தில்கூட, பாதுகாப்பு அலுவலர்களை மாவட்டத்திலும் தாலுகாவிலும் நியமியுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் வந்து கிட்டத்தட்ட இருபது வருடம் ஆகிவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த இருபது வருடத்தில் யார் யார் திரும்பி அதே வீட்டுக்குப் போனார்கள் என்பதில் சிலரை எனக்குத் தெரியும்.

உங்களால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள்: 11-வது பிரிவின்படி கடைசியாக ஆய்வு எப்போது நடந்தது, எந்தெந்தத் துறையிலிருந்து எந்தப் பதவியில் உள்ளவர் வந்தார், என்ன முடிவெடுத்தார்கள். மருத்துவமனைக்குத் தனியாக இன்னொரு மனு: போன வருடம் எத்தனை டி.ஐ.ஆர். அனுப்பினீர்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் இருப்பார்கள், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதைக் கலெக்டரே அந்த இடத்தில் முடிவு செய்யலாம்.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்போதே உதவி தேவைப்பட்டால், 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். மருத்துவமனைக்குப் போனால் நடந்ததை உள்ளபடி சொல்லி, டி.ஐ.ஆர். எழுதச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவ அறிக்கையின் நகலையும் விடாமல் வாங்குங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வக்கீல் ஏற்பாடு செய்வார்கள்.